பதினொரு உறைகள்

மார்ச் 4

அக்கா,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் நிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். கோபத்தில் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று சாமான் லாரி மலைமேல் எங்கள் முகாமுக்கு வந்தது. எண்ணெய் டின்னைச் சுற்றி நம் ஊர்ப் பேப்பர், பத்து நாள் பழசு. கறைக்கு நடுவில் நகராட்சித் தலைவர் தேர்தல் முடிவு. செங்கல் சூளைக்காரர் ஏழு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி: தபால் ஓட்டுகளில் பதினொன்று செல்லாதவை என்று நிராகரிக்கப்பட்டன.

இந்த முகாமில் நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியும். பதினொரு பேர். தபால் ஓட்டு மேசையில் உட்கார்ந்தது யார் என்று எனக்கும் தெரியும். "பிறப்பு இறப்புப் பதிவில் பதினாறு வருஷம் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியதற்குப் பரிசாக, இந்தத் தடவை என்னைத்தான் போட்டிருக்கிறார்கள்" என்று ஜனவரியில் பெருமையாக எழுதியவள் நீதானே.

இன்னும் கேள். அதே பக்கத்தில் சூளைக்காரர் மண்வெட்டியோடு நிற்கும் பெரிய படம். படைவீரர்களுக்கு ஊர் சார்பில் நன்றி வளைவு கட்டப்போகிறார்களாம், நகராட்சி அலுவலக வாசலில். எங்களுக்கு வளைவு, எங்கள் ஓட்டுக்குக் குப்பைக்கூடை. வயிறு எரிகிறது அக்கா. லீவில் வந்தால் ஊரில் பாதிப் பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்கள் அங்கே நிற்பதால்தான் நாங்கள் இங்கே நிம்மதியாக இருக்கிறோம் என்கிறார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். நிம்மதியாக இருந்துவிட்டுப் போங்கள். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை எனக்கென்று இருக்கும் ஒரே ஒரு சீட்டை எண்ணக்கூட உங்களால் முடியவில்லையா?

எனக்காவது பரவாயில்லை. எங்கள் சமையல்காரர் அண்ணனுக்கு வயது நாற்பத்தொன்று. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் அவருடைய சீட்டு ஒரு முகாமுக்குப் போகும், அவர் வேறு முகாமில் இருப்பார். இந்தத் தடவைதான் சீட்டும் ஆளும் ஒரே இடத்தில் இருந்தார்கள். அன்று காலையில் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு குறி போட இருபது நிமிஷம். வெளியே வந்தபோது அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

நிராகரித்தது யார்? எதற்காக? மழுப்பாமல் எழுது. இங்கே சிக்னல் கிடையாது. வாரத்துக்கு ஐந்து நிமிஷ போன் மனைவி மக்கள் இருப்பவர்களுக்குத்தான், அக்கா மட்டும் இருப்பவனுக்கு முறை வராது. அதனால் கடிதம்தான் கதி.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பக்கத்து மேசைக்காரர் பார்க்காமல் படிப்பதற்காகப் பதிவேட்டு அறைக்குள் போய் நின்றுகொண்டு படித்தேன். நல்லவேளை. என் முகம் போன போக்கைப் பார்த்திருந்தால் அலுவலகமே கூடியிருக்கும்.

நிராகரித்தது நான்தான். என் கையால்தான் முத்திரை குத்தினேன். பதினொரு தடவை.

காரணம் கேட்டாய். தபால் ஓட்டுக்கு இரண்டு உறை. உள் உறையில் வாக்குச்சீட்டு மட்டும். வெளி உறையில் அந்த உள் உறையும், இன்னார்தான் ஓட்டுப் போட்டேன் என்று நீ கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவமும். வெளி உறையைப் பிரித்ததும் படிவம் எங்கள் கைக்கு வர வேண்டும். அதைச் சரிபார்த்துத் தனியே வைத்த பிறகுதான் உள் உறையைத் தொடலாம். போட்டவர் பெயரும் போட்ட குறியும் ஒருவர் கண்ணில் சேர்ந்து படக்கூடாது, அதற்குத்தான் இத்தனை பாடு. படிவம் இல்லையென்றால் உள் உறையைப் பிரிக்காமலேயே தள்ளிவிட வேண்டும். இது நான் பிறக்கும் முன்பே எழுதிய விதி. என்மேல் பாயாதே.

பதினொன்றிலும் படிவம் இல்லை. படிவத்தையும் சீட்டையும் சேர்த்து உள்ளே திணித்து, பசையை அள்ளிப் பூசி ஒட்டியிருக்கிறீர்கள். ஒருவர் செய்தால் அது கவனக்குறைவு. பதினொரு பேரும் ஒரே மாதிரி செய்தால், யாரோ ஒருத்தர் எதிரே நின்று பாடம் நடத்தியிருக்க வேண்டும். அது யார் என்று யோசிக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மருந்துச் சீட்டோ, மிக்ஸியோடு வரும் காகிதமோ, பாதி படித்துவிட்டு மீதியை நீயே சொல்லுவாய் என்றுதானே உனக்கு 'விளக்கவுரை' என்று அப்பா பெயர் வைத்தார்.

என்னைத் திட்டும் முன் இதற்குப் பதில் சொல். உனக்கு வளைந்துகொடுக்கும் விதி, அடுத்த தடவை சூளைக்காரரின் மச்சானுக்கும் வளையும். நீ அந்த மலைமேல் நின்று காப்பது இதைத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சூளைக்காரர் வீட்டுக்கே வந்தார். வளைவில் மாட்ட உன் போட்டோ வேண்டுமாம். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அலமாரியில் நாலு இருக்கிறது.

அக்கா


மார்ச் 29

அக்கா,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

சரி. நான்தான். பெட்ரோல் கேன்மேல் ஏறி நின்றுகொண்டு, பத்துப் பேரையும் எதிரே உட்காரவைத்து விளக்கினேன். விளக்கத் தாள் ஒன்றுதான் வந்தது, வந்ததும் நனைந்து வந்தது. பாதிக்குமேல் மை ஓடிவிட்டது. மீதியை நான் யோசித்துச் சொன்னேன். இங்கே எப்போதும் மழை, இல்லாவிட்டால் பனி. தீப்பெட்டி, வீட்டுக் கடிதம், அடையாள அட்டை எல்லாம் உறைக்குள் உறை போட்டு, அதற்கும் உள்ளேதான் இருக்கும். முக்கியமானது எதுவோ அது கடைசி உறைக்குள் போக வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கையெழுத்துப் போட்ட காகிதம் முக்கியம் இல்லாமல் பின்னே என்ன? "ரெண்டையும் உள்ள வெச்சு நல்லா ஒட்டுங்க, தண்ணி போகக் கூடாது" என்று நானே ஒவ்வொருவர் பசையையும் அமுக்கிப் பார்த்தேன்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் நகராட்சியைத் திட்டுகிறார்கள். நானும் சேர்ந்து திட்டுகிறேன். சமையல்காரர் அண்ணனுக்குக் கண்ணாடி உடைந்து இரண்டு மாதம் ஆகிறது, பேப்பரைத் தானாகப் படிக்க முடியாது. என்னிடம் வந்து, "தம்பி, அந்தப் பதினொண்ணுல நானும் உண்டா?" என்று கேட்டார். இல்லையண்ணே, அது வேறு முகாம், நம்முடையதெல்லாம் எண்ணியாகிவிட்டது என்றேன். அன்றைக்கு எனக்கு ஒரு கரண்டி கூடுதலாகப் பரிமாறினார். பாதியைப் பக்கத்துத் தட்டில் தள்ளிவிட்டேன்.

ஆனால் அக்கா, ஒன்று கேட்கிறேன். வெளி உறையில் படிவம் இல்லை என்பது மட்டும்தானே உனக்குத் தெரிந்திருக்க முடியும்? உள் உறையை நீங்கள் பிரிக்கவே இல்லை. நாங்கள் படிவத்தை அனுப்பவே மறந்திருக்கலாம், தொலைத்திருக்கலாம். 'சேர்த்து உள்ளே திணித்து' என்று அவ்வளவு உறுதியாக எழுதியிருக்கிறாயே, அது உனக்கு எப்படித் தெரியும்?

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

ஊகம்தான். வேறு என்ன.

இங்கே வேலை தலைக்குமேல். வளைவுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். அலுவலக வாசல் முழுக்கப் பள்ளம், ஒரு பலகையைப் போட்டிருக்கிறார்கள், அதன்மேல் கழைக்கூத்தாடி மாதிரி நடந்துதான் உள்ளே வர வேண்டும். போன வாரம் குழந்தை பிறந்ததைப் பதிய வந்த ஒருவர் பள்ளத்தில் விழுந்து கையை உடைத்துக்கொண்டார். பலகையை அகலமாகப் போடச் சொல்லிக் குறிப்பு எழுதினேன். வீரர்களுக்கான வேலைக்கு முட்டுக்கட்டை போடுவதாக எனக்கே பதில் குறிப்பு வந்தது. இப்போதெல்லாம் இந்த ஊரில் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். தெருவிளக்கு எரியவில்லையா, எல்லையில் நிற்பவர்கள் விளக்கு கேட்டார்களா? குடிநீர் வரவில்லையா, அவர்கள் பனியை உருக்கிக் குடிக்கிறார்கள், உனக்கென்ன? கேட்டவர் வாயை மூடிக்கொண்டு பலகைமேல் நடந்து போய்விடுகிறார். உங்களுக்கு நன்றி சொல்லும் சாக்கில் எங்கள் வாயை அடைக்கிறார்கள்.

சூளைக்காரரை எதிர்த்து நின்று தோற்ற நர்ஸம்மா வழக்குப் போட்டுவிட்டார். ஏழு ஓட்டில் தோற்றவர் பதினொரு ஓட்டைப் பற்றிக் கேட்காமல் விடுவாரா? பதினொரு உறையும் சீல் வைத்த பெட்டியில் நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. எண்ணும் மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் மே 22 அன்று போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். எங்கள் தேர்தல் அதிகாரி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "படிவம் இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்." அதில் பொய் ஒன்றும் இல்லை. இல்லாததைத்தானே இல்லை என்கிறோம்.

உங்களிடம் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டு நர்ஸம்மாவின் வக்கீல் எழுதுவார். போடாதே. உனக்கும் வம்பு, எனக்கும் வம்பு. தேர்தல் முடிந்துவிட்டது. விடு.

கம்பளிக் கையுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். ஒன்று சமையல்காரருக்கு.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

கையுறை வந்தது. ஒரு ஜோடி அப்படியே இருக்கிறது.

பதினாறாம் தேதி காலை குழாய் உறைந்துவிட்டது. அண்ணன் இரண்டு கேனை எடுத்துக்கொண்டு கீழே ஊற்றுக்குப் போனார். நான் போகிறேன் என்றேன். "நீ போனா ஊத்துக்கே விளக்கம் சொல்லிட்டு நிப்ப, டீ ஆறிடும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பத்து நிமிஷத்தில் சத்தம் கேட்டது. வெயில் வந்து பனி இளகிய சரிவு, அப்படியே மண்ணோடு பெயர்ந்து விழுந்துவிட்டது. எதிரி இல்லை, குண்டு இல்லை. மண்தான். மத்தியானம் வரை தோண்டினோம். என் நகம் இரண்டு போய்விட்டது. அதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மேலிடத்திலிருந்து இரங்கல் தாள் வந்தது. அச்சடித்த தாள், பெயர் எழுத மட்டும் இடம் விட்டிருந்தார்கள். நாட்டின் சுதந்திரத்துக்காக என்று போட்டிருந்தது. எனக்கு அந்தத் தாளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்த மனுஷர் சுதந்திரமாகத் தன் வாழ்நாளில் செய்த ஒரே காரியத்தை நான் பசை போட்டு ஒட்டி நாசமாக்கினேன். அது எண்ணப்பட்டுவிட்டதாகப் பொய்யும் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பிக்கொண்டே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே மற்ற ஒன்பது பேரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேன்மேல் ஏறவில்லை. இரண்டு நாள் என்னோடு யாரும் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த ஒன்பது பேரில் ஒருவரான ஹவில்தார் வந்து, இனிமேல் சமையல் நீ என்றார். தண்டனையா மன்னிப்பா என்று கேட்கத் தைரியம் இல்லை. உப்பு அதிகமாகப் போட்டாலும் எல்லாரும் மௌனமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார்கள், அதுதான் தாங்கவில்லை.

பிரமாணப் பத்திரம் வந்தது. பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டோம். நீ போடாதே என்றாய். மன்னித்துக்கொள்.

ஊகம் என்று எழுதியிருந்தாய். பதினாறு வருஷம் ஒரு பிறந்த தேதியைக்கூட ஊகித்து எழுதாதவள் நீ. ஸ்கேல் என்று உன் அலுவலகமே கேலி செய்கிறது. என் காதில் பூச் சுற்றாதே. உனக்கு என்ன தெரியுமோ அதைச் சொல்லிவிடு. எனக்காகக் கேட்கவில்லை.

தம்பி


மே 6

தம்பிக்கு,

சமையல்காரரின் மனைவி என் மேசைக்கு வந்தார். அவர் இறப்பை ஊர்ப் பதிவேட்டில் ஏற்றிச் சான்றிதழ் வாங்க. தையல் ஆலையில் அரை நாள் பெர்மிஷன் போட்டுவிட்டு, அந்தப் பலகைமேல் நடந்து வந்திருந்தார். தொழில் என்ற இடத்தில் படைவீரர் என்று எழுதினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "சமையல்னும் சேத்து எழுதுங்கம்மா, அவருக்கு அதான் பெருமை" என்றார். எழுதினேன். பதினாறு வருஷத்தில் முதல் அடித்தல் திருத்தல்.

அதற்கு முந்தின வாரம் மன்றக் கூடத்தில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். நாம் பேசும் ஒவ்வொரு சொல்லும் அவர் நமக்கு வாங்கிக் கொடுத்தது என்று சூளைக்காரர் உருகினார். வளைவில் முதல் பெயர் அவருடையதாம். கைதட்டினார்கள். நர்ஸம்மா எழுந்து, அப்படியானால் அவருடைய ஓட்டையாவது எண்ணுங்கள் என்றார். இது அரசியல் பேசும் இடமில்லை என்று மைக்கை அணைத்துவிட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நானும் கைதட்டினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சான்றிதழை வாங்கிக்கொண்ட பிறகும் அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. "போன்ல சொன்னாரு, ஓட்டுப் போட்டுட்டேன்னு. குழந்தை மாதிரி நாலு தடவை சொன்னாரு. அதை எண்ணிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அடுத்தவரைக் கூப்பிடுவதுபோல் டோக்கன் எண்ணைச் சொன்னேன். அவர் எழுந்து போனார்.

நீ கேட்டதற்குப் பதில் இது. எனக்குத் தெரியும், தம்பி. கட்டைவிரலால் தடவினாலே தெரிந்தது, உள் உறைக்குள் இரண்டு காகிதம் இருப்பது. படிவம் கெட்டிக் காகிதம், சீட்டு மெல்லிசு. முழு விதியை உனக்கு நான் எழுதவில்லை. படிவம் உள்ளே இருப்பதாகச் சந்தேகம் வந்தால், உறைமேல் குறிப்பு எழுதி அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் எல்லார் முன்னிலையிலும் பிரித்து, படிவத்தைத் தனியாக எடுத்துவிட்டு, சீட்டைப் பார்க்காமல் பெட்டியில் போடலாம். அன்று காலை ஆஸ்பத்திரியில் இருந்து வந்த இரண்டு உறைக்கு நான் அப்படித்தான் செய்தேன். இரண்டும் எண்ணப்பட்டன.

பிறகு உங்கள் கட்டு வந்தது. மேலாக இருந்த உறையில் உன் கையெழுத்து. எந்தக் கூட்டத்திலும் அது எனக்குத் தெரியும். சுற்றிலும் வேட்பாளர்களின் ஏஜெண்டுகள். குறிப்பு எழுதினால் உறை யாருடையது என்று கேட்பார்கள், தம்பிக்குச் சலுகை காட்டினாள் என்று நாளைக்கு ஊர் பேசும். என் பேனா குறிப்புப் புத்தகத்தின்மேல் இருந்தது. மூடி வைத்துவிட்டு முத்திரையை எடுத்தேன். உன்னுடையதை மட்டும் தள்ளினால் அதுவும் தெரிந்துவிடும் என்று பதினொன்றையும் தள்ளினேன். யாருக்கோ கிடைத்த நியாயம் உனக்குக் கிடைக்காமல் செய்துவிட்டு, அதை நேர்மை என்று நினைத்து அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். விதி விதி என்று உனக்குப் பக்கம் பக்கமாக எழுதியதும் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

22ஆம் தேதி இதை அப்படியே சொல்லப்போகிறேன். அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "உங்களை வேலையை விட்டே தூக்கிடுவாங்க. அவரு போய்ச் சேந்துட்டாரு. யாருக்காகச் சொல்றீங்க?" என்றார். அதற்கு நல்ல பதில் ஒன்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. அங்கே, தெரியலை சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த வேலை போனால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. பயமாக இருக்கிறது. உன்மேல் கோபமும் குறையவில்லை. ஒரு தாளை முழுசாகப் படித்திருந்தால் இத்தனையும் இல்லை.

அக்கா


மே 18

அக்கா,

இது உன் கைக்கு வரும்போது நீ சொல்லி முடித்திருப்பாய். வேண்டாம், சொல்லாதே என்று எழுத முதலில் பேனாவை எடுத்தேன். நீ வேலைக்குச் சேர்ந்த அன்று, பஸ் ஸ்டாண்டில் என்னை நிற்கவைத்து அந்த அடையாள அட்டையை மாட்டிக் காட்டியது ஞாபகம் வந்தது. அதனால்தான். பிறகு சமையலறைக்குப் போய் அண்ணனுடைய கரண்டியைக் கழுவினேன். திரும்பி வந்து அந்த வரியை அடித்துவிட்டேன்.

நீ முத்திரை குத்தியது எனக்கு வலிக்கிறது. பொய் சொல்லமாட்டேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குப் பாசம் வராமல் பயம் வந்ததே, அதுதான் இன்னும் வலிக்கிறது. இது ஆற நாளாகும்.

ஆனால் ஒன்று. எனக்கு நன்றி சொல்லாத ஆள் ஊரில் இல்லை. அதில் ஒருத்தர்கூட எனக்காகத் தன் சுண்டுவிரல் நகத்தைக் கொடுத்ததில்லை. நீ ஒரு நாளும் சொன்னதில்லை. நீதான் கொடுக்கப்போகிறாய். மற்ற ஒன்பது பேருக்கும் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. ஹவில்தார் தட்டை என் முன்னால் நீட்டி, "இன்னிக்கு உப்பு சரியா இருக்கு" என்றார். ஒரு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

என்ன ஆனது என்று உடனே எழுது.

தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் கோபித்துக்கொண்டு கடிதத்தைக் கசக்காதே.

22ஆம் தேதி சொன்னேன். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார் நீதிபதி, சொன்னேன். 24ஆம் தேதி சஸ்பெண்ட் ஆணை வந்தது. விசாரணை முடியும் வரை பதிவேட்டைத் தொடக்கூடாது. என் நாற்காலியில் இப்போது உட்காருபவர் நேற்று ஒரு குழந்தைக்கு ஆண் என்று எழுதவேண்டிய இடத்தில் பெண் என்று எழுதிவிட்டாராம். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உங்கள் பத்திரங்களும் என் சாட்சியும் சேர்ந்து, பதினொரு உறைகளையும் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. முந்தாநாள் காலை பதினோரு மணிக்கு, எல்லார் முன்னிலையிலும். பதினொன்றிலும் படிவம் உள்ளேதான் இருந்தது, பதினொன்றும் செல்லும். உன் பசைக்கு மட்டும் ஒரு பாராட்டு: உறையைக் கிழிக்காமல் பிரிக்க அந்தக் குமாஸ்தா பட்டபாடு.

நர்ஸம்மாவுக்கு எட்டு. சூளைக்காரருக்கு மூன்று. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாயா? ஏழு வித்தியாசம் இரண்டாகச் சுருங்கியது, அவ்வளவுதான். அவரே தலைவர். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வெளியே வந்து, வீரர்களின் ஓட்டுக்கு நன்றி என்று நிருபர்களிடம் பேசினார். நர்ஸம்மா என்னிடம் வந்து, "ரெண்டு ஓட்டுல தோத்தா தோல்விதான், ஏழு ஓட்டுல தோத்தப்ப அது தோல்வியான்னே தெரியலை" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். உங்கள் பத்துப் பேருக்குள் அந்த மூன்று பேர் யார் என்று நீங்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வீர்கள். நீ எட்டா மூன்றா என்று நான் கேட்கமாட்டேன். கேட்டாலும் சொல்லாதே.

சமையல்காரரின் மனைவி வந்திருந்தார். ஆலையில் முழு நாள் லீவு போட்டுவிட்டு, என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு உறையாகப் பிரித்து, படிவத்தை மேசையின் இந்தப் பக்கம் வைத்தார்கள். மடித்த சீட்டை அப்படியே பெட்டிக்குள் போட்டார்கள். பதினொன்றும் விழுந்த பிறகு பெட்டியைக் குலுக்கினார்கள். பிறகுதான் எடுத்து எண்ணினார்கள். அவர் இமைகூட அசைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது, "இதுல அவரோடது எதும்மா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது, சட்டம் அப்படி என்று விளக்கினேன். நீதிபதி கேட்டாலும் தெரியாதா என்றார். தெரியாது என்றேன். தலைவர் கேட்டால்? அவருக்கும் தெரியாது. வீட்டுக்காரருடைய மேலதிகாரிக்கு? யாருக்கும்.

அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இருபத்திரெண்டு வருஷம். எந்திரின்னா எந்திரிக்கணும், போன்னா போகணும். கல்யாணத்துக்கே ரெண்டு நாள்தான் லீவு குடுத்தாங்க. இது ஒண்ணாவது அவரு இஷ்டத்துக்குப் பண்ணியிருக்காரு."

படிவங்களைக் கட்டிச் சீல் வைப்பதற்காகக் குமாஸ்தா நூல் எடுக்கப் போயிருந்தார். மேலே இருந்து நாலாவது படிவம் சமையல்காரருடையது. சாட்சியாக வந்தவள் ஆவணத்தைத் தொடக்கூடாது. நான் யாரிடமும் கேட்கவில்லை. அதை உருவி எடுத்து, அந்த அம்மாள் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அவர் தன் கணவருடைய கையெழுத்தின்மேல் விரலை வைத்து, குமாஸ்தா வரும்வரை எடுக்கவே இல்லை.

அக்கா